கிளெனைக் கேளுங்க

காலைச் செய்தி முடிந்து, கடல் வானிலை ஓடிக்கொண்டிருக்கும்போதே நோயல் லிண்ட்னரின் அழைப்பு வந்துவிடும். டாசெட் என்கிற எங்கள் கடற்கரை ஊரின் வானொலியில் தொலைபேசி எடுக்கிற வேலை என்னுடையது.

"லின், நான்தான்."

"தெரியும் நோயல். காத்து எந்தப் பக்கம்னு சொல்லி முடிக்கட்டும், இருங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நிகழ்ச்சி நடத்தும் கார்ல் பெங்கெல்லிக்குக் கை காட்டுவேன். அவன் தலையாட்டிவிட்டுப் பொத்தானைத் தட்டுவான். ஊர் முழுக்க வானொலிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கும். நோயல் சொல்லப்போவது எல்லோருக்கும் மனப்பாடம்.

"கிளென் ஹாட்ஜைக் கேளுங்க. ரெண்டு பேரு படகுல போனாங்க. ஒருத்தன்தான் வந்தான். என் பையன் எங்கேன்னு அவனைக் கேளுங்க."

போனது கிளெனின் படகு. கூடப் போனவன் நோயலின் ஒரே மகன் டேரன். கல்திட்டுக்கு அப்பால் அலை ஒன்று படகைக் கவிழ்த்துப் போட்டது. ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்து மிதந்துகொண்டிருந்த கிளெனை இறால் படகுக்காரர்கள் தூக்கி வந்தார்கள். டேரன் கிடைக்கவில்லை. அடிலெய்டிலிருந்து வந்து விசாரித்தவர்கள் யார்மேலும் குற்றமில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். நோயலும் அதைப் படித்தார். மறுநாள் காலையில் முதல் தடவையாக வானொலிக்குக் கூப்பிட்டார்.

கார்ல் அவரை ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. செம்மறியாட்டுச் சந்தையில் ஏலம் விட்டு உரமேறிய குரல் அவனுடையது. நோயலிடம் பேசும்போது மட்டும் அது தாழ்ந்துவிடும்.

"டேரன் நல்ல பையன், நோயல். கவுன்சிலர் தொப்பிய பெலிகன் பறவை தூக்கிட்டுப் போச்சே, அதுக்குப் பின்னாடி படகுத்துறையிலேருந்து குதிச்சவன் அவன்தானே?"

"குதிச்சான். தொப்பி கெடைக்கல. சளிதான் புடிச்சுது."

"அந்தக் கதைய ஒரு தடவ சொல்லுங்களேன்."

அவர் சொல்வார். சொல்லும்போதே வேறு யாராவது கூப்பிட்டு, டேரன் பள்ளிக்கூடத்தில் செய்த ஒரு குறும்பைச் சேர்ப்பார்கள். வலை பின்னிக்கொண்டே படகில் வானொலி கேட்கிற கிளெனும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். வாரம் தவறாமல் வைட்டிங் மீனைச் சுத்தம் செய்து ஈரத் துணியில் சுற்றி நோயல் வீட்டுப் பின்வாசலில் வைத்துவிட்டு வருவான். நோயல் அதை வறுத்துச் சாப்பிடுவார். இருவரும் தெருவில் எதிர்ப்பட்டால் பேசிக்கொள்ள மாட்டார்கள். இப்படியே ஆறேழு வருஷம் ஓடிப்போயிற்று. யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை.

டிராக்டர் கடை மூடியதும் எங்களுக்கு வந்துகொண்டிருந்த விளம்பரத்தில் பாதி நின்றுபோனது. நிலையத்தை இழுத்து மூடிவிடலாமா என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், படகுத்துறையில் பெலிகன்கள் பண்ணும் அட்டகாசத்தைப் பற்றிக் கார்ல் கவுன்சிலரோடு போட்ட சண்டையை யாரோ இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். நாடே சிரித்தது. மெல்போர்னிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கார்லின் நிகழ்ச்சியை அவர்களுடைய செயலியில் ஆஸ்திரேலியா முழுக்கக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார்கள். அவர்களுக்குத் தலைவியாக வந்தவள் சஸ்கியா. முப்பது வயது இருக்கும். நல்ல பெண்தான். வந்த அன்றே என் பெயரைக் கேட்டு, மறக்காமல் கூப்பிட்டாள்.

"கார்ல், உங்க ஷோல ஒரு உண்மை இருக்கு. சிட்டில அது யார்கிட்டயும் இல்ல" என்றாள்.

"உண்மையா? பாதி நேரம் நான் ஆட்டுப் புழுக்கை பத்தித்தானம்மா பேசறேன்" என்றான் கார்ல்.

"அதான் வேணும்."

கால்பந்து மைதானத்தில் தொத்திறைச்சி சுட்டு ஊரே கொண்டாடியது. கார்லின் முகத்தைப் பெரிதாக அச்சடித்துத் தானியக் கிடங்குச் சுவரில் தொங்கவிட்டார்கள். கிளென் தன் மகள் எல்லியின் தோளில் கை போட்டுக்கொண்டு அதைப் பார்த்துச் சொன்னான்: "ஏய் கார்ல், ஒன் மூக்கு இவ்ளோ பெருசுன்னு கடல்லேருந்தே தெரியுதுடா. இனிமே கலங்கரை விளக்கம் எதுக்கு?"

அந்த வாரத்திலிருந்து அழைப்புகள் எல்லாம் மெல்போர்னுக்குப் போயின. அங்கே யாரோ எடுத்து, பேர் ஊர் கேட்டு, தேறினால் கார்லின் திரைக்கு அனுப்புவார்கள். என்னை முன்னறையில் பாதி நேர வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். என் மேஜையிலிருந்த தொலைபேசியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நோயலை மெல்போர்ன்காரர்கள் முதல் நாளே பிடித்துக்கொண்டார்கள். நிகழ்ச்சி முடிந்தபின் அவர் பேசியதை மட்டும் வெட்டினார்கள். கார்லின் பதிலும் பெலிகனும் தொப்பியும் போய்விட்டன. நோயலின் குரல் மட்டும் மிஞ்சியது. அடியில் அலையோசையும் ஒற்றைப் பியானோவும் சேர்த்து, 'கிளெனைக் கேளுங்க' என்று தலைப்பும் வைத்து வெளியிட்டார்கள்.

ரொட்டிக்கடையில் நின்றபடி நான் அதைக் கேட்டேன். தினமும் கேட்ட குரல்தான். ஆனாலும் வேறு யாருடையதோ போலிருந்தது. ஊர் தெரியாத ஒருவர் இதைக் கேட்டால், கிளென் ஒரு கொலைகாரன் என்பதைத் தவிர வேறு என்ன நினைப்பார்?

கிளென் முதலில் சிரித்துக்கொண்டுதான் வந்தான். "லின், நான் பெரிய ஆளாயிட்டேன் பாத்துக்க. பெர்த்துல ஒருத்தன் என்னைக் கொல்லுவேங்கறான். அங்கேருந்து இங்க வர்றதுக்குள்ள அவனுக்குக் கோவம் தீந்துடாது?"

அவன் மனைவி மிஷெல் பக்கத்தில் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. "எல்லியோட போன்ல வந்ததையும் சொல்லு" என்றாள்.

"சின்னப் பசங்க ஏதோ—"

"ஒன் அப்பன் ஒன்னையும் கடல்ல தள்ளுவான்னு எழுதியிருக்காங்க, லின். பன்னெண்டு வயசுப் புள்ளைக்கு."

நோயலுக்கோ அது வேறுமாதிரி நாட்களாக இருந்தன. முன்பின் தெரியாதவர்கள் அவருக்குப் பூ அனுப்பினார்கள். ஹோபார்ட்டிலிருந்து ஜெனோபியா என்று ஒரு பெண் தினமும் கூப்பிட்டு மணிக்கணக்கில் பேசினாள். அவரும் தொடுதிரைப் போன் வாங்கினார். ரயில்பாதை வேலையில் தடித்துப்போன விரலால் அதைத் தேய்த்துத் தேய்த்து எனக்குக் காட்டினார்.

"பாரு லின், டார்வின்ல ஒருத்தன் வரைபடமே போட்டிருக்கான். ஐஸ் பெட்டில ரெண்டு பேரு தொங்கலாமாம். கணக்குப் போட்டுச் சொல்றான்."

"நோயல், அவன் கடலையே பாத்திருக்க மாட்டான்."

"இத்தனை பேரும் முட்டாளுங்களா?" அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. டேரன் போனபிறகு நான் பார்த்திராத வெளிச்சம்.

காலை அழைப்பில் அவர் கேள்விகள் மாறின. வரைபடத்தைப் பற்றிப் பேசினார், பெட்டியின் நீளத்தைப் பற்றிப் பேசினார். கார்ல் பெலிகனை நினைவுபடுத்தினால் "அதெல்லாம் இருக்கட்டும்" என்றார். ஒருநாள் கார்ல் பொறுமையிழந்தான்.

"நோயல், போதும். கிளென் ஒண்ணும் பண்ணல. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இந்த ஊருக்கே தெரியும்."

சாயங்காலமே அதையும் வெட்டி ஏற்றிவிட்டார்கள். 'ஊரே சேர்ந்து மறைக்கிறதா?' என்று தலைப்பு.

கார்ல் மெல்போர்னுக்குக் கூப்பிட்டான். நானும் அறையில் இருந்தேன். ஒலிபெருக்கியில் சஸ்கியாவின் குரல் கேட்டது.

"கார்ல், புரியுது. ஆனா எட்டு லட்சம் பேர் கேட்டிருக்காங்க. இப்ப எடுத்தா, பயந்து எடுத்துட்டாங்கன்னு அதுவே பெரிய நியூஸ் ஆகும்."

"ஆகட்டும். எடுத்துடு."

"என் கையில மட்டும் இல்ல. பதிவெல்லாம் கம்பெனியோடது. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"சஸ்கியா, இங்க ஒரு மனுஷன் வீட்ட விட்டு வெளிய வர முடியாம கெடக்கறான்."

"நாங்க யாரையும் குத்தவாளின்னு சொல்லலையே. ஒரு அப்பா கேள்வி கேக்கறார். அவ்ளோதான்."

கார்ல் போனைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு, "நீ ஆடு மாடு ஏலம் விட்டிருந்தா நல்லா வந்திருப்ப" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தான். ஆனாலும் மறுநாள் வந்து ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தான். வேறு வேலை எதுவும் அவனுக்குத் தெரியாது. அவன் எழுந்து போனால் நிலையமும் போய்விடும், அதில் வேலை செய்யும் நாங்களும் போய்விடுவோம். அதை என்னிடம் அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அடிலெய்டு உணவகங்கள் கிளென் பிடித்த மீன் வேண்டாம் என்றன. கிளெனும் மிஷெலும் எல்லியைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். வெளியூர் வண்டிகள் ஹாட்ஜ் வீட்டைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தன. ஜன்னலிலிருந்து கைகள் நீண்டு போனைப் பிடித்தன.

கோடை விடுமுறையில் குவீன்ஸ்லாந்திலிருந்து ஒரு இளைஞன் வந்து கடற்கரை முகாமில் கூடாரம் போட்டான். பார்க்கச் சாதுவாக இருந்தான். என்னிடமே படகுத்துறைக்கு வழி கேட்டான். இங்கே எல்லோரும் கேட்பதுதான் என்று நானும் கையை நீட்டிக் காட்டினேன். கிளென் மீன்கூடையைப் படகிலிருந்து மேலே ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் போனைத் தூக்கிப் பிடித்தபடி அருகே போனான். நடந்தது அத்தனையும் நேரடியாக ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது.

"டேரன் எங்கே? சொல்லு. கேமராவைப் பாத்துச் சொல்லு."

"தம்பி, கூடை கனமா இருக்கு. வழிய விடு."

"பதில் சொல்லிட்டுப் போ."

"நகருப்பா. கீழ ஈரம், வழுக்கும்" என்றுதான் கிளென் சொன்னான். இளைஞன் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். கூடையோடு பின்பக்கமாகப் போன கிளென், கீழே நின்ற தன் படகின் வலை இழுக்கும் இரும்பு உருளைமேல் தலை மோத விழுந்தான்.

இளைஞன் "நான் லேசாத்தான் தொட்டேன்" என்று அழுதுகொண்டே அங்கேயே உட்கார்ந்துவிட்டான். போலீஸ் வரும்வரை அவன் போன் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

கிளெனை ஹெலிகாப்டரில் அடிலெய்டுக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தங்கியது. ஒரு காது போய்விட்டது. காதுக்குள் நிதானம் காக்கிற ஏதோ ஒன்று நசுங்கிவிட்டதாம். சுவரைப் பிடிக்காமல் அவனால் நிற்க முடியாது, இனி படகேற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தக் காட்சியை நோயலுக்கு அனுப்பியது ஜெனோபியாதான். கீழே 'நீதி கிடைத்துவிட்டது, அப்பா' என்று எழுதியிருந்தாள்.

மறுநாள் காலை நோயல் வானொலிக்குக் கூப்பிட்டார். மெல்போர்னில் எடுத்தவர்கள் காத்திருக்கச் சொன்னார்கள். போனில் இசை ஓடியது. இசைக்கு நடுவே, உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். கார்லின் திரையில் நோயலின் பெயர் வரவேயில்லை. நிகழ்ச்சி முக்கால்வாசி ஓடியபின் நிலையத்து வாசல் கண்ணாடியை யாரோ உள்ளங்கையால் அறைகிற சத்தம் கேட்டது. போய்த் திறந்தேன். நோயல் நின்றிருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. கையில் போன், அதில் இன்னும் இசை ஓடிக்கொண்டிருந்தது.

"இவங்க என்னை விட மாட்டேங்கறாங்க, லின். நான் சொல்லணும்."

"என்ன சொல்லணும் நோயல்?"

"அவன் பண்ணல. எனக்குத் தெரியும். மொதல்லேருந்தே தெரியும். காலையில எந்திரிச்சா எம்பையன் பேரச் சொல்றதுக்கு எனக்கு வேற எடமில்ல. அதுக்குத்தான் கூப்பிட்டேன். சும்மா கூப்பிட்டு, டேரன் டேரன்னு சொன்னா பைத்தியம்னுவாங்க. கேள்வியா கேட்டா கேப்பாங்க."

கார்ல் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தான். ஓடிக்கொண்டிருந்த பேச்சை அங்கேயே நிறுத்தினான். எழுந்துவந்து கதவைத் திறந்து, நோயலைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, ஒலிவாங்கியை அவர் வாய்க்கு நேரே இழுத்துவிட்டான்.

"பேசுங்க."

நோயல் தொண்டையைச் செருமினார். "நான் நோயல் லிண்ட்னர். டேரனோட அப்பா. கிளென் ஹாட்ஜ் எம்பையனக் கொல்லல. கடல்தான்…"

மேலே, ஒலிபரப்பு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்தது. கூரையிலிருந்த ஒலிபெருக்கியில் மெத்தை விளம்பரம் பாட ஆரம்பித்தது. நோயல் அதைக் கவனிக்கவில்லை. குனிந்தபடி பேசிக்கொண்டே இருந்தார். ஐஸ் பெட்டி ஒரு ஆளுக்கு மேல் தாங்காது என்றார். டேரனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்ததே கிளென்தான் என்றார். அந்த மீன் ஒவ்வொன்றையும் தின்றேன் என்றார். அந்த அறையிலிருந்த இரண்டு பேர் மட்டும்தான் கேட்டோம்.

கார்லின் போன் அடித்தது. சஸ்கியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது போலிருந்தது. "என்னை மன்னிச்சிடுங்க கார்ல். லாயர்ஸ் கண்டிப்பா சொல்லிட்டாங்க. போலீஸ் கேஸ் ஆயிடுச்சு. அதைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை கூடப் போகக் கூடாதாம்."

"அப்ப பழசு? அதை எடுத்துட்டீங்களா?"

"அது… கேஸுக்கு முன்னாடி வந்தது. அதைத் தொடக் கூடாதாம்."

கார்ல் கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். நோயலை எழுப்பிக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தான். மீதி நேரத்துக்கு மெல்போர்னிலிருந்து பழைய நிகழ்ச்சி ஓடியது. அவன் அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போகவில்லை.

கிளென் வீடு திரும்பிவிட்டதாகத் தெரிந்ததும் நோயல் என்னைத்தான் வண்டி எடுக்கச் சொன்னார். ஹாட்ஜ் வீட்டு முன்னால் லாரி நின்றது. கட்டில்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மிஷெல் வாசலுக்கு வந்தாள். கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டாள்.

"மிஷெல், அவங்கிட்ட ஒரு வார்த்தை…"

"என்ன வார்த்தை? காலையில நீங்க பேசி முடிக்கற வரைக்கும் அவர் காபிய வாயில வெக்க மாட்டாரு. தெரியுமா உங்களுக்கு? அது எம் பங்கு, நான் கேட்டுத்தான் ஆகணும்பாரு. வேண்டாம், நிறுத்துன்னு நான் எத்தனை தடவ சொல்லியிருப்பேன்! பாவம் அந்த மனுஷனுக்கு வேற யாரிருக்காம்பாரு."

"நான் வந்து…"

"உள்ள போயி என்ன செய்யப் போறீங்க? அழுவீங்க. அவரு உங்களத் தேத்துவாரு. அவரால நிக்கக்கூட முடியல நோயல். இப்பவும் அவர்தான் உங்களத் தேத்தணுமா?"

உள்ளேயிருந்து கிளெனின் குரல் கேட்டது. ஒரு காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி அளவுக்கு மீறிச் சத்தமாக இருந்தது. "யாரது மிஷெல்? நோயலா?"

மிஷெல் நோயலின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "யாருமில்ல. லாரிக்காரங்க."

நோயல் தொப்பியைக் கழற்றினார். பிறகு மறுபடி போட்டுக்கொண்டு வண்டிக்கு நடந்தார். அவளைக் குறை சொல்ல என்னால் முடியாது.

ஹாட்ஜ் குடும்பம் உள்நாட்டில் எங்கோ, கடல் கண்ணுக்கே படாத ஊருக்குப் போய்விட்டது. குவீன்ஸ்லாந்து இளைஞன் சிறையில் இருக்கிறான். கார்ல் கிடங்கில் தானியம் நிறுக்கிறான். அவன் நிகழ்ச்சி இன்னும் நடக்கிறது. பெயர் அதேதான், மெல்போர்னில் உட்கார்ந்து வேறொருவன் பேசுகிறான். செலவு மிச்சம் என்று குன்றின்மேல் இருந்த ஒலிபரப்புக் கோபுரத்தை நிறுத்திவிட்டார்கள். இனி செயலியில் மட்டும்தானாம். கடலில் போகிறவர்களுக்குக் காற்று எந்தப் பக்கம் என்று சொல்ல ஆளில்லை.

போன ஈஸ்டர் சமயம் நானும் நோயலும் ரொட்டிக்கடையில் நின்றிருந்தோம். வெளியூர்ப் பெண்கள் இருவர் மேஜையில் போனைச் சாய்த்து வைத்து எதையோ கேட்டுக்கொண்டே கறி அடைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அலையோசை, பியானோ. அப்புறம் அந்தக் குரல். நோயல் திரும்பினார். அவர்களிடம் நடந்து போனார்.

"இது நான்தாம்மா" என்றார்.

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "கடவுளே! நீங்களா? நாங்க மெல்போர்ன்லேருந்து இதுக்காகவே வந்தோம். உங்கள ஒரு தடவ கட்டிப்பிடிச்சுக்கலாமா?"

"அவன் ஒண்ணும் பண்ணலம்மா. நான் சொன்னது தப்பு. அவன் நல்லவன்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்றவள் எழுந்து அவர் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அப்படிச் சொல்லச் சொல்லி யாராவது உங்கள மிரட்டறாங்களா?"

"இல்லம்மா. யாரும் இல்ல. நானாத்தான் சொல்றேன்."

"சரிங்க சரிங்க. புரியுது" என்று அவள் கண்ணை மூடித் திறந்தாள். "நாங்க உங்க பக்கம்தான்."

நோயல் விடவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அவர்கள் எதிரே உட்கார்ந்தார். ஐஸ் பெட்டியிலிருந்து ஆரம்பித்தார். அவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். ஒருத்தியின் கை மெல்ல நகர்ந்து, பதிவுப் பொத்தானைத் தட்டி, போனை அவர் பக்கம் திருப்பி வைத்தது.